கணக்குக்கு மேல் வந்த பவுடர்

என்னோடு வேலை பார்த்த நண்பர் தன் டிபன் பையில் பவுடர் கொண்டுவந்து எங்கள் டிரையருக்குள் கொட்டுகிறார் என்று நான் நம்பினேன். இதை ஒத்துக்கொள்வதில் எனக்குப் பெரிய வெட்கமில்லை. இதைவிட மோசமானவை பின்னால் வருகின்றன. மருந்துத் தொழிற்சாலையில் ஒருவரைச் சந்தேகப்படுகிறவன், அவர் பவுடரை வெளியே கொண்டுபோகிறார் என்றுதான் சந்தேகப்படுவான். வாசலில் செக்யூரிட்டி பையைத் திறந்து பார்ப்பதும் வெளியே போகும்போதுதான். ஒருவர் வீட்டிலிருந்து பவுடரைக் கொண்டுவந்து தொழிற்சாலைக்குத் தானம் செய்கிறார் என்று சந்தேகப்பட்ட ஆள் இந்த ஹைதராபாத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

எங்களுடையது குஷாய்குடாவைத் தாண்டி இருக்கும் சின்னத் தொழிற்சாலை. மாத்திரை செய்வதில்லை. மாத்திரைக்குள் போகும் மருந்துப் பவுடரைச் செய்து, மாத்திரைக் கம்பெனிகளுக்கு டிரம் டிரம்மாக அனுப்புவோம். நான் அங்கே காலை ஷிஃப்ட் பொறுப்பாளர். நண்பர் மதிய ஷிஃப்ட் பொறுப்பாளர். ரியாக்டர் என்னும் பெரிய பாத்திரத்துக்குள் சரக்கைப் போடுவது என் வேலை. அது கொதித்து, ஆறி, படிகமாகி, பிழிந்து, டிரையரில் காய்ந்து முடிய அடுத்த நாள் மதியம் தாண்டிவிடும். ஆகவே பவுடரை வெளியே எடுத்து எடை போடுவது அவர் வேலை. அதற்கு மறுநாள் காலை நான் வந்து, வந்த எடையை வரவேண்டிய எடையால் வகுத்து, நூற்றால் பெருக்கிக் கையெழுத்துப் போடுவேன். அந்த எண்ணுக்கு எங்கள் பேச்சில் ஈல்டு என்று பெயர். ஈல்டு நன்றாக இருந்தால் பிளாண்ட் ஹெட் நமக்கு வணக்கம் சொல்வார். குறைந்தால் நாம் சொல்ல வேண்டும், அதுவும் அவர் அறைக்குப் போய்.

வரவேண்டிய எடை எவ்வளவு என்பது எப்படித் தெரியும் என்று என் மனைவி ஒருமுறை கேட்டாள். அவள் பக்கத்திலிருக்கும் பெரிய எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவள் என்பதால் அவள் பாஷையிலேயே சொன்னேன்.

"நூறு போல்ட் இருக்கு, நூத்தி இருபத்தஞ்சு நட் இருக்கு. ஒரு போல்ட்டுக்கு ஒரு நட். எத்தனை ஜோடி வரும்?"

"நூறு."

"நட் ஆயிரம் இருந்தா?"

"அப்பவும் நூறுதான். மிச்ச நட்டெல்லாம் சும்மா கெடக்கும்."

"அவ்வளவுதான் என் வேலை."

"இதுக்கா உங்களுக்கு எம்.எஸ்சி. குடுத்தாங்க?"

இதுக்குத்தான் கொடுத்தார்கள். மூலக்கூறுகளை எண்ண முடியாது என்பதால் எடை போடுகிறோம், வித்தியாசம் அது மட்டும்தான். எங்களுடைய போல்ட் ஒரு வெள்ளைப் பவுடர். அதன் மூலக்கூறு எடை இருநூற்றுப் பதினெட்டு. நட் ஒரு திரவம். அதைக் கால் பங்கு கூடுதலாகவே ஊற்றுவோம், குறை வரக்கூடாது என்று. இரண்டும் சேர்ந்து உண்டாகும் மருந்தின் மூலக்கூறு எடை இருநூற்று ஐம்பது. ஆக இருநூற்றுப் பதினெட்டு கிலோ பவுடர் போட்டால் இருநூற்று ஐம்பது கிலோ மருந்து வரவேண்டும். இந்த இரண்டு எண்களும் எனக்கு என் செல்போன் நம்பர் மாதிரி. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். எழுப்பிப் பார்க்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

ஆனால் இருநூற்று ஐம்பது வராது. பாத்திரச் சுவரில் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும், வடிகட்டும் துணியில் கொஞ்சம் தங்கும், கழுவும் நீரோடு கொஞ்சம் போகும். இருநூற்று முப்பத்தைந்து வந்தால் ஈல்டு தொண்ணூற்று நான்கு, எல்லாருக்கும் நிம்மதி. கணக்கு சொல்வதைவிடக் குறைவாகத்தான் கைக்கு வரும் என்பதில் எங்கள் பிளாண்டுக்கும் வாழ்க்கைக்கும் கருத்து வேறுபாடு இருந்ததே இல்லை.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு காலை நான் போய்ப் பார்த்தால் இருநூற்று ஐம்பத்தாறு கிலோ வந்திருந்தது. வகுத்தேன். நூற்றுக்கு நூற்றிரண்டு சொச்சம். மறுபடி வகுத்தேன். கால்குலேட்டரை மாற்றி வகுத்தேன். கடைசியில் காகிதத்தில், பள்ளிக்கூடத்தில் செய்வதுபோல் படிப்படியாக வகுத்தேன். விடை அசையவில்லை. நூறு போல்ட்டைப் போட்டு நூற்றிரண்டு ஜோடி எடுத்தாகிவிட்டது.

குறைந்தால் காரணம் ஆயிரம் சொல்லலாம். கூடினால் ஒரே காரணம்தான்: நாம் போடாத ஏதோ ஒன்று அதில் இருக்கிறது. அது யாரோ ஒருவர் விழுங்கப்போகும் மருந்து.

முதலில் தராசைச் சந்தேகப்பட்டேன். டிரம்மை ஏற்றும் பெரிய தராசில் நானே ஏறி நின்றேன். எண்பத்து நான்கு காட்டியது. சாயங்காலம் குஷாய்குடா மருந்துக் கடை வாசலில் இருக்கும் மெஷினிலும் ஏறினேன். அதிலும் எண்பத்து நான்கு. தராசு சரியாக இருந்ததில் எனக்கு மட்டும்தான் வருத்தம்.

அடுத்து ஈரத்தைச் சந்தேகப்பட்டேன். சரியாகக் காயாமல் தண்ணீரையும் சேர்த்து எடை போட்டிருந்தால் எடை கூடத்தானே செய்யும். எங்கள் பரிசோதனைக் கூடத்துக்குத் தலைவி ஒரு தெலுங்குப் பெண்மணி. சென்னையில் படித்தவர் என்பதால் என்னிடம் தமிழில் பேசுவார். கோபம் வந்தால் தாய்மொழிக்குத் திரும்பிவிடுவார். அவரிடம் மருந்தைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். நன்றாகக் காய்ந்திருக்கிறது, சுத்தமாகவும் இருக்கிறது, கலப்படம் எதுவுமில்லை என்றார். உறுதியாகவா என்று கேட்டேன். ஏதோ தெலுங்கில் சொன்னார். நான் வந்துவிட்டேன்.

ஆக மருந்து சுத்தம், காய்ந்தது, தராசும் சரி. அப்படியானால் கூடுதலாக வந்ததும் அதே மருந்துதான். அதே மருந்து வேறு எங்கிருந்தோ வந்து இதில் சேர்ந்திருக்கிறது.

இங்கே எங்கள் தொழிலில் வெளியே பேசாத ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் சில ஷிஃப்ட் ஆட்கள், பேட்ச், அதாவது ஒரு தடவை போட்டு எடுக்கும் சரக்கு, நன்றாக வரும் நாளில் கொஞ்சம் பவுடரைக் கணக்கில் காட்டாமல் ஒதுக்கி வைப்பார்கள். பேட்ச் சொதப்பும் நாளில் அதை எடுத்துச் சேர்த்துவிடுவார்கள். யாரும் திருடவில்லை, யாருக்கும் நஷ்டமில்லை, எல்லா நாளும் ஈல்டு ஒரே மாதிரி அழகாக இருக்கும். ஆனால் மருந்துத் தொழிலில் இதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. எந்த டிரம்மில் எந்த நாள் சரக்கு என்று தெரியாமல் போய்விடும். மாட்டினால் வேலை போகும். இந்த ஊரில் வேறு எந்த மருந்துத் தொழிற்சாலையிலும் உள்ளே விடமாட்டார்கள்.

பவுடரை எடுப்பவர் யார்? எடை போடுபவர் யார்? ஈல்டு என்று எழுதிக் கீழே கையெழுத்துப் போடும் முட்டாள் யார்? மூன்று கேள்விக்கும் விடை கிடைத்ததும் நான் நாற்காலியிலிருந்து எழுந்து, காரணமில்லாமல் மறுபடி உட்கார்ந்தேன்.

நண்பரின் தாத்தா ரயில்வே பட்டறை வேலைக்காகச் செகந்திராபாத் வந்தவர். மூன்றாம் தலைமுறையான இவர் இப்போது திருமுல்கேரியில் இருக்கிறார். இவருடைய தமிழில் பாதி எங்கள் விருதுநகருக்குப் புரியாது; ‘கைக்கு’ என்றால் ஏன், ‘ஹவ்’ என்றால் ஆமாம், ‘நக்கோ’ என்றால் வேண்டாம். என்னைவிடச் சில வயது இளையவர். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் இருவரும் கேண்டீனில் ஒரு டீ குடிப்போம். வருடக்கணக்காக அதுதான் வழக்கம். அன்றைக்கும் குடித்தோம்.

"அண்ணா, மூஞ்சி கைக்கு இப்டி இருக்கு?"

"ஈல்டு நூத்தி ரெண்டு வந்திருக்கு."

"ஹவ்? நல்லதுதானே. பார்ட்டி குடுங்க."

"நூறுக்கு மேல எப்படிப்பா வரும்?"

"கணக்க ஒருக்கா பாருங்க அண்ணா." இதைச் சொல்லிவிட்டு அவர் பிஸ்கட்டை டீயில் நனைத்தார்.

நான் கவனித்தேன். அவர் அதிர்ச்சியடையவில்லை. குற்றவாளிதான் அதிர்ச்சியடையமாட்டான். அதிர்ச்சியடைந்திருந்தால் நடிக்கிறார் என்று நினைத்திருப்பேன், அது வேறு விஷயம். அதோடு கணக்கைப் பார்க்கச் சொன்னார். தப்பு செய்கிறவன் முதலில் கணக்கைத்தான் குறை சொல்வான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இருபது வருடமாக ஒரே எண்ணால் வகுத்துக்கொண்டிருப்பவனிடம் போய் வகுத்தலைச் சரிபார்க்கச் சொல்வதா?

காரணமும் கிடைத்துவிட்டது. எங்கள் பிளாக் மேனேஜர் ஓய்வுபெறப் போகிறார். அந்த நாற்காலிக்கு இருப்பது நாங்கள் இருவர்தான். மருந்து வாங்கும் கம்பெனிக்காரர்கள் சோதனைக்கு வரப்போகிறார்கள் என்றும் பேச்சு. நூற்றிரண்டு என்று எழுதிய தாளில் என் கையெழுத்து. அவர்கள் அதைப் பார்த்தால் கேள்வி என்னிடம்தான் வரும். நான் வெளியே போவேன், நாற்காலி அவருக்கு. எவ்வளவு சுத்தமான திட்டம். என் நண்பருக்கு இவ்வளவு மூளை இருக்கிறது என்று அதுவரை எனக்குத் தெரியாது. சந்தேகத்துக்கு நடுவில் கொஞ்சம் மரியாதையும் வந்தது.

ஒதுக்கி வைத்த பவுடரைத் தேட ஆரம்பித்தேன். டிரையர் அறை, காலி டிரம்களின் வரிசை, பொய்க்கூரைக்கு மேலே, கழிவறைத் தொட்டிக்குப் பின்னால் எல்லாம் பார்த்தேன். ஒரு பல்லிதான் கிடைத்தது. எங்கேயும் இல்லையென்றால் தொழிற்சாலைக்கு வெளியே இருக்கிறது; வெளியே என்றால் திருமுல்கேரி; திருமுல்கேரியிலிருந்து தினமும் உள்ளே வருவது என்ன? டிபன் பை. கணக்குப் போடுகிறவனுக்குப் பைத்தியம் பிடித்தாலும் அவன் கணக்குப் போட்டுக்கொண்டேதான் இருப்பான். வழக்கமாக வருவதைவிட இருபத்தொரு கிலோ அதிகம். அந்தப் பை மூன்று கிலோ தாங்கினால் ஒரு பேட்சுக்கு ஒரு வாரம். சாத்தியம்தான் என்று தலையாட்டிக்கொண்டேன். அவர் அந்த வாரமெல்லாம் சோறு எதில் கொண்டுவந்தார் என்ற கேள்வி அப்போது எழவில்லை.

அடுத்த பேட்சும் இருநூற்று ஐம்பத்தாறு. அன்று மதியம் நண்பர் வாசலில் வண்டியை நிறுத்தும்போதே போய் நின்றேன்.

"பையைக் குடு, நான் கொண்டுவர்றேன்."

"நக்கோ அண்ணா, நான் வச்சுக்கிறேன்."

"வெயிட்டா இருக்குமே."

"அதுல என்ன வெயிட்டு?" பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். நான் இருந்த பக்கத்திலிருந்து இல்லாத பக்கத்துக்கு.

அவர் உடை மாற்றப் போனார். பை பெஞ்சில் இருந்தது. திறந்தேன். மேல் அடுக்கில் கத்திரிக்காய், அடுத்ததில் தயிர் சாதம். அதற்கும் கீழே, துணியில் சுற்றி, சின்ன எவர்சில்வர் டப்பா. உள்ளே வெள்ளைப் பவுடர்.

பெயர் தெரியாத பவுடரை வாயில் வைக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் நாள் பாடம். புதிதாக வருகிறவர்களுக்கு அந்தப் பாடத்தை எடுப்பவன் நான். விரலை நனைத்து, தொட்டு, நாக்கில் வைத்தேன்.

"அண்ணா."

நண்பர் வாசலில் நின்றிருந்தார். போனை மறந்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். என் விரல் இன்னும் வாயில்தான் இருந்தது.

"சர்க்கரையா இது?" என்றேன்.

"என் வீட்டம்மாகிட்ட சொல்லிராதீங்க. டாக்டர் நிறுத்தச் சொல்லிட்டாரு, அவ வீட்ல டப்பாவையே ஒளிச்சு வச்சுட்டா. பொடி பண்ணி எடுத்துட்டு வர்றேன். தயிர் சாதத்துல ரெண்டு ஸ்பூன் போட்டாதான் எனக்கு எறங்குது."

"சொல்லமாட்டேன்."

"உங்களுக்கும் வேணும்னா சாப்புடுங்க" என்று போனை எடுத்துக்கொண்டு போனார்.

என் பையை ஏன் திறந்தீர்கள் என்று அவர் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று நான் சந்தேகப்பட்டேன்.

மூன்றாவது பேட்ச் இருநூற்று ஐம்பத்தேழு. பிளாண்ட் ஹெட் என்னைக் கூப்பிட்டார். அவர் தெலுங்குக்காரர், வார்த்தையை அளந்து பேசுபவர். மூன்று தாள்களையும் மேஜையில் வரிசையாக வைத்திருந்தார். வாங்குகிற கம்பெனிக்காரர்கள் அடுத்த வாரம் சோதனைக்கு வருகிறார்கள், அதற்குள் தனக்கு விளக்கம் வேண்டும் என்றார். பிறகு என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"லெக்க தப்பா, மனிஷி தப்பா?"

கணக்கு தப்பா, ஆள் தப்பா. கணக்கு என்றால் நான். ஆள் என்றால் யார் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த அறையில் ஏசி நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு மட்டும் சட்டை முதுகில் ஒட்டியது. இந்த வயதில் வேலை போனால் அமீர்பேட்டில் கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்து, என் மகள் வயதுப் பிள்ளைகளோடு ஹாஸ்டலில் வரிசையில் நின்று உப்புமா வாங்குகிற காட்சி தெளிவாகத் தெரிந்தது.

"கணக்கு தப்பில்லை சார்" என்றேன்.

அன்று சாயங்காலமே நண்பரை விசாரணை முடியும்வரை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். விளக்கம் கிடைக்காவிட்டால் பேர் கெட்டு வெளியே போகவேண்டியதுதான். விவரம் கேட்டுவிட்டு அவர் வண்டி நிறுத்துமிடத்துக்கு வந்தபோது நான் அங்கேதான் நின்றிருந்தேன், தப்பிக்க நேரமில்லாமல்.

"அண்ணா, பிளாண்ட் ஹெட்கிட்ட என்ன சொன்னீங்க?"

"கணக்கு சரின்னு மட்டும்தான்ப்பா சொன்னேன். உன்னப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல."

"ஹவ்" என்றார். "அதுக்கு மேல வேற என்ன சொல்லணும்?"

வண்டியைக் கிளப்பினார். பிறகு ஷிஃப்ட் ஒப்படைக்கிற மாதிரியே சொன்னார்: "டிரையர் ரூம் சாவி ஆணியில மாட்டிருக்கேன். இடது பக்கத்துக் கதவு கொஞ்சம் டைட்டு, பாத்துத் திறக்கச் சொல்லுங்க."

இரவுச் சாப்பாட்டில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். விரலை நக்கியதை மட்டும் விட்டுவிட்டேன். அவள் கேட்டுவிட்டு, தோசையைத் திருப்பிப் போட்டாள்.

"ஒண்ணு கேக்குறேன். அவரு உங்க பேட்ச்ல சேக்கணும்னா அவர்கிட்ட அந்தப் பவுடர் இருக்கணும்ல?"

"இருக்கும். ஒதுக்கி வச்சிருப்பான்."

"அப்ப அதுக்கு முந்தி எங்கயாவது கொறைஞ்சிருக்கணும்ல? எந்த பேட்ச்ல கொறைஞ்சுது?"

எந்தப் பேட்சிலும் குறையவில்லை. வருடம் முழுக்க தொண்ணூற்று நான்குதான். எனக்குக் கோபம் வந்தது. "ஒனக்கு நட்டு போல்ட்டு தெரிஞ்சா போதும்" என்றேன். செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்த மகள் தலையைத் தூக்காமல், "டாடி கோ கியா ஹுவா?" என்று அம்மாவிடம் கேட்டாள். அப்பாவுக்கு என்ன ஆச்சு என்ற அந்தக் கேள்விக்கு அவள் அம்மா அடுத்த தோசையை ஊற்றினாள்.

அடுத்த பேட்சில் எந்தக் கள்ளனுக்கும் இடம் கொடுப்பதில்லை என்று முடிவு செய்தேன். நானே போட்டேன். டிரையர் கதவில் காகிதம் ஒட்டிக் குறுக்கே கையெழுத்துப் போட்டேன். மறுநாள் மதிய ஷிஃப்டையும் நானே பார்த்தேன். கதவுக்கு எதிரில் ஸ்டூல் போட்டு, கழிவறைக்குப் போகும்போதுகூட யாரையாவது உட்காரவைத்துவிட்டு, பிறகு அந்த ஆளையும் சந்தேகப்பட்டு ஓடிவந்து, சாயங்காலம் நானே கதவைத் திறந்தேன். இடது பக்கம் டைட்டாகத்தான் இருந்தது. நானே அள்ளினேன், நானே எடை போட்டேன்.

இருநூற்று ஐம்பத்தாறு.

தராசுக்கு முன்னால் நான் நின்ற நிலையை யாராவது பார்த்திருந்தால் ஆம்புலன்ஸ் கூப்பிட்டிருப்பார்கள். நண்பர் திருமுல்கேரியில் தன் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். இங்கே நான் மட்டும்தான் இருந்தேன். சந்தேகப்படுவதற்கு இன்னும் ஒரே ஒரு ஆள்தான் மிச்சம். மறுநாள் காலை உள்ளே நுழையும்போது செக்யூரிட்டியிடம் என் பையைத் திறந்து காட்டினேன். "சார், உள்ள வர்றப்போ எதுக்கு?" என்றார் அவர். "பாத்துரு, எதுக்கும்" என்றேன். எலுமிச்சை சாதம் மட்டும்தான் இருந்தது.

நேராகப் பரிசோதனைக் கூடத்துக்குப் போனேன். அந்த அம்மையார் என்னைப் பார்த்ததும் கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டார்.

"மறுபடியும் மருந்தா சார்? நாலு தடவை பாத்தாச்சு. சுத்தமா இருக்கு."

"அப்ப எங்கிருந்து மேடம் வருது?"

"வெளிய வர்றதையே பாக்கச் சொல்றீங்க. உள்ள போறதைப் பாத்தீங்களா?"

"நீங்கதானே பாத்து பாஸ் பண்ணீங்க?"

"பண்ணோம். சுத்தம் எவ்வளவுன்னு பாக்க முதல்ல பவுடரைக் காயவைப்போம், காஞ்ச பிறகுதான் அளப்போம். எப்பவும்போலத்தான் வந்துச்சு."

"தண்ணி?"

"தண்ணி இவ்வளவுக்கு மேல இருக்கக் கூடாதுன்னுதான் விதி. அதுக்குக் கீழதான் இருந்துச்சு. பாஸ்."

"எவ்வளவு கீழ?"

அவர் பதிவேட்டைப் புரட்டினார். ஓர் எண்ணில் விரலை நிறுத்தினார். ஈல்டு குறைந்தால்தான் எல்லாரும் கேட்பார்கள் என்ற என் பிளாண்டுக்கு, தண்ணீர் கூடினால்தான் கேட்போம் என்ற அவருடைய கூடம் நேர் எதிர். இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று சத்தமில்லாமல் போய்விட்டது என்று எனக்கு அப்போதுதான் உறைக்க ஆரம்பித்தது.

வருகிற ஒவ்வொரு சரக்கிலும் ஒரு கைப்பிடி எடுத்து அலமாரியில் வைத்திருப்பார்கள். பழைய சரக்கில் கொஞ்சம், புதிதாக வந்ததில் கொஞ்சம் எடுத்தார். இரண்டு கண்ணாடிக் குழாய்களில் போட்டார். முதலில் பழையதைச் சுடரில் காட்டினார். குழாயின் மேல்பாகம் மங்கியது, பிறகு உள்பக்கம் சின்னச் சின்னத் துளிகள் உருண்டு இறங்கின. பார்க்க ஈரமே இல்லாத பவுடர். ஆனால் அதன் ஒவ்வொரு மூலக்கூறும் ஒரு தண்ணீர் மூலக்கூறைத் தன்னோடு கட்டிக்கொண்டு படிகமாக உட்கார்ந்திருக்கிறது. புதியதைக் காட்டினார். குழாய் கடைசிவரை தெளிவாகவே இருந்தது. ஒரு துளிகூட இல்லை.

"உங்க கணக்குல மூலக்கூறு எடை என்ன சார்?"

"இருநூத்திப் பதினெட்டு."

"தண்ணியோட."

"தண்ணியோட" என்றேன். பேனாவைத் தேடினேன்.

தண்ணீரின் மூலக்கூறு எடை பதினெட்டு. அது பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குத் தெரியும். இருநூற்றுப் பதினெட்டில் பதினெட்டு போனால் இருநூறு. அங்கேயே ஒரு துண்டுத் தாளில் போட்டேன். புதுச் சரக்கில் இருநூறு கிலோ போட்டாலே இருநூற்று ஐம்பது கிலோ மருந்து வந்துவிடும். நான் பழைய பழக்கத்தில் இருநூற்றுப் பதினெட்டு போட்டுக்கொண்டிருந்தேன். அதற்கு வரவேண்டியது இருநூற்று எழுபத்திரண்டரை. வந்தது இருநூற்று ஐம்பத்தாறு. வகுத்தேன். தொண்ணூற்று நான்கு.

அதே தொண்ணூற்று நான்கு. போல்ட் கூடுதலாகப் போயிருக்கிறது, நட் ஏற்கெனவே தாராளமாக இருந்ததால் எல்லாம் ஜோடி சேர்ந்திருக்கிறது. நான் மட்டும் நூறு போல்ட்தான் போட்டேன் என்று சாதித்துக்கொண்டிருந்தேன்.

பிளாண்ட் ஹெட் அறைக்குப் போனேன். அவர் தலையைத் தூக்கினார்.

"லெக்க தப்பு சார்" என்றேன். என் தெலுங்கு அவ்வளவு தெளிவாக அதற்கு முன்னால் வந்ததே இல்லை.

அவர் நான் கொண்டுபோன தாளை வாங்கிக் கடைசிவரை படித்தார். திட்டவில்லை. கதவு வரைக்கும் போனவனைக் கூப்பிட்டு, "அவருக்கு ஆபீஸிலிருந்து போன் செய்யச் சொல்லவா, நீங்கள் போகிறீர்களா?" என்று கேட்டார். திட்டியிருக்கலாம்.

அன்று மதியம் திருமுல்கேரிக்குப் பஸ் ஏறினேன். நண்பர் வாசலில் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீர்க் குழாய் கையில் இருந்தது. நான் வழியெல்லாம் தயார்செய்து வைத்திருந்த பேச்சு அதைப் பார்த்ததும் மறந்துபோயிற்று.

"தண்ணிப்பா" என்றேன்.

"குடிக்கவா?"

"இல்ல, பவுடர்ல. பழைய சரக்குல தண்ணி சேந்து வந்துட்டு இருந்துச்சு. புதுசுல இல்ல. நான் பாக்கல."

அவர் குழாயை மூடினார். நான் முழுவதையும் சொன்னேன். நானே காவல் காத்துத் திறந்த கதையையும், ஸ்டூலையும், என் பையை நானே சோதிக்கச் சொன்னதையும் சொன்னேன். வழக்கமாக அவர் சிரிக்கும் இடங்கள் அவை.

"அப்ப தண்ணி இல்லாததுக்கு என்னை வீட்ல உக்கார வச்சீங்க."

"ஆமா."

"நான் அன்னிக்கே கணக்க ஒருக்கா பாருங்கன்னு சொன்னேன்ல அண்ணா?"

"சொன்ன."

"உள்ள வாங்க" என்றார். "டீ போடச் சொல்றேன்." டீ வந்தது. இருவரும் குடித்தோம். அவருடைய டம்ளரில் சர்க்கரை இல்லை என்று அவர் மனைவி சொன்னார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

நடந்தது இவ்வளவுதான். சரக்கு அனுப்புகிறவர்கள் தண்ணீர் சேர்ந்த படிகத்தை நிறுத்திவிட்டுத் தண்ணீர் நீக்கியதை அனுப்ப ஆரம்பித்திருந்தார்கள். யாரும் எங்கேயும் எதையும் ஒளிக்கவில்லை, கலக்கவில்லை. நான் பழைய எடையால் வகுத்தேன். இப்போது இருநூறு கிலோதான் போடுகிறோம். ஈல்டு தொண்ணூற்று நான்கு. நண்பர் அந்த வாரமே வேலைக்குத் திரும்பினார். எனக்கு அடுத்து வரும் ஷிஃப்ட் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து, பக்கத்து பிளாக்குக்கு மாற்றிக்கொண்டார்.